ஒட்டாவா சென்று மீண்ட சண்முகஞ் செட்டியார்

நீர்வேலிச் செம்மண்ணில் வாழையும் புகையிலையும் வெங்காயமும் வைத்து வாழும் கமக்காரனுக்குச் சுங்கத் தீர்வை என்றால் யாதென்று எவரும் விளக்க வேண்டுவதில்லை. கிணற்றில் நீர் இறைப்பவனும் வரம்பு கட்டுபவனும் தானேயாயினும், தன் விளைபொருளின் விலை எங்கோ ஒரு துறைமுகத்திலே தீர்மானமாகின்றது என்பதை அவன் பாட்டன் காலந்தொட்டே பட்டறிந்திருக்கின்றான். திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தார் யாழ்ப்பாணப் புகையிலைமீது தீர்வையை உயர்த்திய காலத்தில் குடாநாட்டுத் தோட்டங்கள் வாடின. 1970ஆம் ஆண்டினை அடுத்த சில ஆண்டுகளில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது, மண்வீடுகள் இருந்த வளவுகளிற் கல்வீடுகள் எழுந்தன. 1977இல் அக்கட்டுப்பாடு தளர்ந்தபோது அக்கல்வீடுகளுட் சில பூச்சு முடியாமலே நின்றன. அவ்விரு முறையும் எங்கள் கமக்காரரை அழைத்து இருத்தி, அவர்தம் எண்ணம் யாதென வினாவியவர் உண்டென யான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு நாட்டின் வாணிகப் போக்கையே மாற்றவல்ல உடன்படிக்கையைச் செய்யப்புகும் அரசு, அவ்வாணிகத்தாலே வாழ்வாரை முன்னர்க் கேட்டல் வேண்டுமா? இவ்வினா தமிழர் ஒருவரின் வாழ்க்கையைப் பெரிதும் புரட்டிப்போட்டது. அவரே கோயமுத்தூர் சேர் ஆர். கே. சண்முகஞ் செட்டியார். நம் மாணவருட் பலர் அவர் பெயரைச் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் என ஒரு வரியளவிற் பொது அறிவுப் போட்டிக்காக மனனஞ் செய்திருப்பர். அவ்வொரு வரிக்குப் பின்னால் உள்ள மனிதரை இம்மலரின் வாயிலாக அவர்களுக்கு அறிமுகஞ் செய்ய விழைகின்றேன்.

செட்டியார் 1892ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 17ஆம் நாள் கோயமுத்தூரிற் பிறந்தார். பாட்டனார் இராமசாமிச் செட்டியார். தந்தையார் கந்தசாமிச் செட்டியார். வழிவழியாக வாணிகத்தில் வளர்ந்த குடும்பம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் பயின்று, கல்வி முடிந்தபின் குடும்ப வாணிகத்தையும் பொதுவாழ்வையும் ஒருங்கே மேற்கொண்டார். கோயமுத்தூர் நகரசபையில் உறுப்பினராகித் துணைத்தலைவராக உயர்ந்தார். 1920இற் சென்னைச் சட்டசபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். 1924 முதல் டில்லியில் இருந்த மத்திய சட்டசபையில் அமர்ந்தார். அங்கே மோதிலால் நேரு தலைமைதாங்கிய சுயராஜ்யக் கட்சியின் கொறடாவாகப் பணிபுரிந்தார். கட்சியின் உறுப்பினரை வாக்களிக்கும் நேரத்துக்குத் திரட்டி நிறுத்தும் பொறுப்பு அது. ஆங்கிலத்தில் அவர் பேசும் வன்மையையும் எண்களைக் கையாளும் இலாவகத்தையும் மாற்றுக் கட்சியினரும் மதித்தனர். ஜெனீவாவிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடுகளுக்கு இந்திய முதலாளிமாரின் பிரதிநிதியாக ஒருமுறைக்கு மேற் சென்று வந்தார்.

கோயமுத்தூரிற் பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துகொண்டிருந்த காலம் அது. ஆகவே துணித் தீர்வை பற்றிய விவாதம் செட்டியாருக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1930இல் அரசு பருத்தித் தொழிற் பாதுகாப்பு மசோதா ஒன்றைக் கொணர்ந்தது. பிரித்தானியத் துணிக்குக் குறைந்த தீர்வையும் பிறநாட்டுத் துணிக்கு மிகுந்த தீர்வையும் விதிப்பது அதன் நோக்கம். இந்திய உறுப்பினர் பலர் இதனை அறவே வெறுத்தனர். செட்டியார் நடுவழி ஒன்றைக் காட்டினார். வெளுப்போ சாயமோ ஏறாத கோறாத் துணி எந்நாட்டதாயினும் இறாத்தலுக்கு மூன்றரை அணாவேனுந் தீர்வை இறுத்தல் வேண்டும் என்ற அவர் திருத்தத்தை அரசு ஏற்றது. பண்டித மதன் மோகன் மாளவியா அதற்கும் இசையாது சபையைத் துறந்தார். ஆண்டின் தொடக்கத்திற் காங்கிரஸார் வெளியேறியபோதும் செட்டியார் வெளியேறவில்லை. உள்ளே இருந்து பெறக்கூடியதைப் பெறுவதே மேல் என்பது அவர் கொள்கை. அக்கொள்கை சரியோ பிழையோ, அதன் விலையை அவர் பின்னர் முற்றாகச் செலுத்தினார்.

இனி ஒட்டாவாவுக்கு வருவோம். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியினாற் பிரித்தானியா தன் நெடுங்காலக் கொள்கையாகிய கட்டிலா வாணிகத்தைக் கைவிட்டது. 1932 மார்ச்சு முதல் நாள்தொட்டு, அந்நாட்டுக்குட் புகும் பெரும்பாலான பொருள்களுக்கு நூற்றுக்குப் பத்து வீதந் தீர்வை நடைமுறைக்கு வந்தது. பேரரசுக்கு உட்பட்ட நாடுகளுக்கு மட்டும் அவ்வாண்டு நவம்பர் 15 வரை விலக்கு. அதற்குள் உடன்படிக்கை செய்தோர்க்கு விலக்கு நீடிக்கும். செய்யாதார் பிறநாட்டாரைப்போலத் தீர்வை இறுக்க வேண்டும். இதனைப் பேசித் தீர்க்கவே கனடாவின் தலைநகராகிய ஒட்டாவாவில் 1932 ஜூலை 21 முதல் ஓகஸ்ட் 20 வரை பேரரசுப் பொருளாதார மாநாடு கூடிற்று.

இவ்விடத்தில் நம் தீவுக்கும் இக்கதையிற் பங்குண்டு. இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாகையால் அதன் தேயிலைக்குப் பிரித்தானியச் சந்தையிற் சலுகை தானாகவே நீடிக்கும் நிலை இருந்தது. இந்தியா உடன்படாது நின்றால், இலங்கைத் தேயிலை சலுகையோடு செல்ல, அசாமிலும் நீலகிரியிலும் விளைந்த தேயிலை முழுத் தீர்வை சுமந்து செல்ல நேரிடும். இந்தியத் தூதுக்குழுவினரை அச்சுறுத்திய எண்ணங்களுள் இஃது ஒன்று. இலங்கைக்கு ஒட்டாவாவிற் சொந்த வாய் இல்லை. அதன் சார்பிற் பேசியவர் குடியேற்ற நாட்டு மந்திரியே. வாயில்லாதவன் பெற்ற சலுகை வாயுள்ளவனை மிரட்டிற்று என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இந்தியத் தூதுக்குழுவின் தலைவர் சேர் அதுல் சட்டர்ஜி. சேர் ஜோர்ஜ் ரெய்னி, சேர் பதம்ஜி ஜின்வாலா, சேத் ஹாஜி அப்துல்லா ஹாரூன், சாகிப்சாதா அப்துஸ் சமத் கான் ஆகியோருடன் சண்முகஞ் செட்டியாரும் அதில் இடம்பெற்றார். அவர் அப்போது மத்திய சட்டசபையின் உபதலைவர். குழுவிலுள்ள அனைவரும் அரசினால் நியமிக்கப்பட்டவரே. வணிகர் சங்கங்கள் தெரிந்து அனுப்பியவர் ஒருவருமிலர். 1927இல் நிறுவப்பெற்ற இந்திய வர்த்தக கைத்தொழிற் சங்கங்களின் சம்மேளனத்தார், நாட்டின் வாணிகத்தையே பணயம் வைக்கும் பேச்சுக்குத் தம்மைக் கலந்தாலோசியாமல் ஆள் அனுப்பியது தகாது என முறையிட்டனர். அம்முறையீடு அவ்வாண்டு முழுவதும் ஓயவில்லை.

மாநாட்டில் எய்திய உடன்பாடு யாது? பிரித்தானியப் பொருள்கள் பலவற்றுக்கு, பிறநாட்டுப் பொருள்களைவிட நூற்றுக்குப் பத்து வீதங் குறைந்த தீர்வையை இந்தியா விதிக்கும். மோட்டார் வண்டி வகைகளுக்கு அவ்வேறுபாடு ஏழரை வீதம். தேயிலை, கோப்பி, சணற்பொருள், பதனிட்ட தோல், ஆளிவிதை, நிலக்கடலை முதலிய இந்தியப் பொருள்களுக்குப் பிரித்தானியா சலுகை தரும். மாணவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்ள ஓர் உதாரணங் கூறுவேன். யப்பானிய, ஜெர்மானியப் பொருளுக்கு முப்பது ரூபா தீர்வை என்றால் அதே விலையுள்ள ஆங்கிலப் பொருளுக்கு இருபது ரூபா. இவ்வேறுபாட்டை ஆங்கிலப் பொருளின் தீர்வையைக் குறைத்து உண்டாக்கலாம். மற்றதன் தீர்வையைக் கூட்டியும் உண்டாக்கலாம். கூட்டினாற் பொருள் வாங்குவோன் மிகுதியாகக் கொடுப்பான்; குறைத்தால் அரசின் வருமானங் குறையும். எப்படியாயினுஞ் செலவு இந்தியர் தலையிலே.

எதிர்த்தோரின் வாதம் இன்னொன்றும் இருந்தது. இந்தியப் பருத்தியையும் எண்ணெய் வித்துக்களையும் மிகுதியாக வாங்கியோருள் யப்பானியரும் ஐரோப்பியக் கண்டத்தாரும் முக்கியமானவர். பிரித்தானியாவுக்குத் தனிச்சலுகை அளித்தால் அவர்கள் சினந்து வேறிடத்தில் வாங்குவர் என வணிகர் அஞ்சினர். அவ்வச்சம் வீணன்று. மறுவருடம் 1933இல், துணித் தீர்வை உயர்வை முன்னிட்டு, யப்பானிய ஆலைக்காரர் இந்தியப் பருத்தியை வாங்க மறுத்தனர். அதனைத் தீர்க்க நெடும் பேச்சுவார்த்தை வேண்டியதாயிற்று.

செட்டியார் டில்லிக்கு மீண்டு அவ்வாண்டு இறுதியிற் சட்டசபையிலே உடன்படிக்கையை ஆதரித்து வாதாடினார். அவர் வாதத்தின் சாரம் இது: இந்தியா பெற்றது பெரும்பொருள் அன்றாயினும், இழக்கவிருந்ததை இழவாமற் காத்தது, நிலக்கடலையும் பதனிட்ட தோலும் சென்னை மாகாணத்தின் உயிர்நாடி, அவற்றின் சந்தையைக் கைவிடுவது அறிவுடைமை ஆகாது. சபை ஒரு விசேட குழுவை நியமித்து ஆராய்ந்து, மூன்றாண்டு கழிந்தபின் மீளாய்வு செய்யவேண்டும் என்ற நிபந்தனையுடன் ஏற்றது. 1933 ஜனவரி முதல் நாள் புதிய தீர்வைகள் நடைமுறைக்கு வந்தன. அவ்வாண்டிலே செட்டியார் சபையின் தலைவரானார். சேர் பட்டமும் எய்தினார்.

பின்வந்த பொருளாதார ஆய்வாளர் பலர் ஒட்டாவாவினால் விளைந்த நன்மையும் தீமையும் இருசாராரும் கூறிய அளவுக்குப் பெரியன அல்ல என்றே மதிப்பிடுவர். என் எண்ணமும் அதுவே. செட்டியாரின் கணக்கிற் பெரும்பிழை இல்லை. ஆனால் முதலாளிமாரின் பிரதிநிதியாக ஜெனீவாவுக்கு முன்னரே சென்று பழகிய அவர், இம்முறை தம்மை அனுப்பியோர் முதலாளிமார் அல்லர், அரசினரே என்பதைச் சிந்தித்திருக்க வேண்டும். கப்பல் ஏறுமுன் பம்பாயிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் உள்ள வணிகர் சங்கங்களின் வாயிலிற் சென்று ஒருமுறை அமர்ந்து கேட்டிருப்பின், அதே உடன்படிக்கையை அவர்களுட் பாதிப்பேர் சுமந்திருப்பர். கேளாமற் கொடுத்த நன்மையை எவனும் நன்மையென்று கொள்வதில்லை. இதை எழுதும்போது, பரீட்சைக்குரிய பாடங்களை மாணவரின் விருப்பங் கேளாமற் பெற்றோரே தெரிந்துவிட்டு, ஆசிரியரிடம் வந்து வருந்தும் காட்சி என் நினைவுக்கு வருகின்றது, அது நிற்க.

கணக்குத் தீர்க்கும் நாள் 1934இல் வந்தது. மத்திய சட்டசபைத் தேர்தலிற் செட்டியார் தென்னிந்திய வணிகருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதியிலே நின்றார். வாக்காளர் அனைவரும் வணிகர். எதிர்த்து நின்றவர் காங்கிரஸ் வேட்பாளராகிய சாமி வேங்கடாசலம் செட்டியார். ஒட்டாவாவே தேர்தலின் பொருளாயிற்று. சபையின் தலைவராக வீற்றிருந்தவர், சேர் பட்டம் பெற்றவர், இராசப்பிரதிநிதியின் நன்மதிப்புக்கு உரியவர், தம் இனத்தொழிலோராகிய வணிகரின் வாக்கினாலேயே தோற்றார். தேசிய வேகத்தில் அடிபட்டவர் அவர் ஒருவரல்லர். எனினும் அவர் தோல்வி எல்லார் வாயிலும் இருந்தது.

இலங்கையிலும் அவ்வாண்டு இதுபோன்ற ஒன்று நிகழ்ந்தது. யப்பானிய மலிவுத் துணிக்கு எல்லை வகுக்குமாறு பிரித்தானியா குடியேற்ற நாடுகளைப் பணித்தபோது, டொனமூர்த் திட்டத்தின்கீழ் அமைந்த நம் அரசாங்க சபை இசையவில்லை. ஏழையின் வேட்டியை விலையேற்ற அவர்களுக்கு மனம் இல்லை. ஆயினும் இலண்டனிலிருந்து வந்த கட்டளையினால் அது விதிக்கப்பட்டது.

தோற்ற செட்டியாரைக் கொச்சிச் சமஸ்தானம் திவானாக அழைத்துக்கொண்டது. 1935 முதல் 1941 வரை அங்கே இருந்தார். பொறியியலாளர் ரொபேட் பிறிஸ்ரோ ஆழப்படுத்திய கொச்சித் துறைமுகம் 1936இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதன் சுங்க வருமானத்தைப் பிரித்தானிய இந்தியாவும் கொச்சியும் திருவிதாங்கூரும் பங்கிட்டுக்கொள்ளும் முறை இருந்தமையால், திவானுக்குக் கணக்கும் சமாதானமும் ஒருங்கே வேண்டியிருந்தன. 1938இற் சமஸ்தானத்தில் மக்கள் தெரிவுசெய்த அமைச்சர் ஒருவருக்குச் சில இலாகாக்களை ஒப்படைக்கும் இரட்டையாட்சி முறை புகுத்தப்பட்டது. எர்ணாகுளத்துக் கடற்கரையோரத்தில் இன்றும் அவர் பெயரால் ஒரு வீதி விளங்குகின்றது. மலையாள நாட்டில் யாழ்ப்பாணப் புகையிலையை விரும்பி வாங்கிய ஊர்களுள் கொச்சியும் ஒன்று என்பதால், அவ்வீதியின் பெயர் நமக்கு முற்றும் அந்நியமன்று.

அவர் கொச்சியில் இருந்தபோது டில்லியிலே அவர் நட்ட மரத்தை வெட்டினர். 1936 மார்ச்சு 30இல் ஜின்னா கொணர்ந்த பிரேரணையின்படி ஒட்டாவா உடன்படிக்கையை முடிவுறுத்துமாறு சட்டசபை தீர்மானித்தது. புதிய உடன்படிக்கைக்கான பேச்சுத் தொடங்கியபோது அரசினர் முன்னைய பாடத்தை மறக்கவில்லை. சேர் புருஷோத்தமதாஸ் தாகுர்தாஸ், கன்ஷியாம்தாஸ் பிர்லா, கஸ்தூரிபாய் லால்பாய் முதலிய வணிகப் பெருமக்களை உத்தியோகப் பற்றற்ற ஆலோசகராக நியமித்து உடன்வைத்துக்கொண்டனர். ஏறத்தாழ மூன்றாண்டு இழுபறியின்பின் 1939 மார்ச்சு 20இல் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. ஆலோசகருக்கு அது நிறைவளிக்கவில்லை, சட்டசபையும் நிராகரித்தது, ஆயினும் அரசு அதனை நடைமுறைப்படுத்தியது. கேட்பது வேறு, கேட்டபடி நடப்பது வேறு. ஆனால் அன்றுதொட்டு வணிகரைக் கேளாமற் பேச்சுக்குச் செல்வது இந்திய அரசுக்கு அரிதாயிற்று.

நம் நாட்டிலும் இக்கதை முடிந்துவிடவில்லை. இந்தியாவுடன் செய்யவிருந்த விரிந்த பொருளாதார உடன்படிக்கை 2008இல் உள்நாட்டு வணிகரின் எதிர்ப்பினாற் கையொப்பமாகாது நின்றது. சிங்கப்பூருடன் 2018 ஜனவரியிற் செய்த உடன்படிக்கைக்கோ, முன்னர்க் கேட்கப்படவில்லை என்ற முறைப்பாடு பின்னர் எழுந்து, அறிஞர் குழுவை நியமித்து ஆராய வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் செட்டியார் வாஷிங்டனில் இந்தியாவுக்கான கொள்முதற் குழுவின் தலைவராகப் பணியாற்றினார். 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிறெற்றன் வூட்ஸ் என்னுமிடத்தில் 44 நாடுகள் கூடிச் சர்வதேச நாணய நிதியத்தையும் உலக வங்கியையும் அமைத்தபோது, இந்தியப் பிரதிநிதிகளுள் அவரும் ஒருவர். அக்குழுவில் ஆர்தேஷிர் ஷ்ரொவ் என்னும் பம்பாய்த் தொழிலதிபரும் அமர்ந்திருந்தார். அவ்வாண்டு தொழிலதிபர் வெளியிட்ட பம்பாய்த் திட்டத்தை எழுதியோருள் அவர் ஒருவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் ஒட்டாவாவிற் காலியாகக் கிடந்த நாற்காலி இம்முறை நிரம்பிவிட்டது. இருவரும் ஒருமுகமாக நின்று, போர்ச் செலவுக்காக இந்தியாவிடமிருந்து பெற்ற பொருளுக்குப் பிரித்தானியா பட்ட நூறு கோடி பவுணுக்கு மேற்பட்ட கடனை மாற்றத்தக்க நாணயமாக மீட்க வழிசெய்யுமாறு வாதிட்டனர். பிரித்தானியா அதனை இருநாட்டிடையே தீர்க்கத்தக்கதென்று ஒதுக்கிற்று. இந்தியாவுக்குக் கிடைத்த பங்கு 400 மில்லியன் டொலர்.

1947 ஓகஸ்ட் 15இல் ஜவகர்லால் நேரு அமைத்த அமைச்சரவையில் நிதிப்பொறுப்பு செட்டியாரிடம் வந்தது. காங்கிரஸாரால் ஒட்டாவாவை முன்னிட்டுத் தோற்கடிக்கப்பட்டவர், காங்கிரஸ் ஆட்சியில் நாட்டின் பணப்பெட்டிக்குக் காவலரானார். அமைச்சரவையில் அம்பேத்கரும் சியாமா பிரசாத் முகர்ஜியும் அவரைப்போலவே கட்சிக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். 1947 நவம்பர் 26இற் சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். ஏழரை மாதத்துக்கு மட்டும் உரிய திட்டம் அது; வருமானம் 171.15 கோடி ரூபா, செலவு 197.39 கோடி ரூபா என மதிப்பிடப்பட்டன. பிரிவினையால் வீடிழந்து வந்த மக்கள் வெள்ளத்துக்கு இடையே அத்திட்டத்தை வகுத்தார் என்பதை நினைத்தல் வேண்டும். மறுவருடம் இலண்டன் சென்று அப்பழைய பவுண் கடனைப் பற்றிய உடன்பாட்டையுஞ் செய்து வந்தார்.

1948 ஓகஸ்டில் அமைச்சர் பதவியைத் துறந்தார். வருமானவரி ஏய்ப்பை ஆராயும் ஆணைக்குழுவுக்கு அனுப்பப்பட்ட பட்டியலிலிருந்து சிலரின் பெயர்கள் நீக்கப்பட்டமை சபையிற் பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. தம் அமைச்சில் நேர்ந்ததற்குத் தாமே பொறுப்பென ஏற்று விலகினார். வணிகரைக் கேளாதவர் என்று 1934இல் வீழ்த்தப்பட்டவர், வணிகருக்கு மிக அணித்தாயினார் என்ற ஐயத்தில் 1948இல் வீழ்ந்தார். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி எத்துணைக் குறுகியது என்பதை அவரைப்போல் நடந்து பார்த்தவர் சிலரே. பதவி துறந்த முறையிற் குறை காண யான் அறியேன்.

தமிழாசிரியனாகிய எனக்கு அவர் பால் ஈர்ப்பு உண்டானது வேறு வழியில். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயின்ற நாளில், சிலப்பதிகாரத்துப் புகார்க் காண்டத்துக்கு உரை தேடியபோது அட்டை தேய்ந்த நூல் ஒன்று கைக்கு வந்தது. உரையாசிரியர் பெயர் ஆர். கே. சண்முகஞ் செட்டியார். நிதியமைச்சரின் பெயரும் இதுவாயிற்றே, வேறொருவர் போலும் என்று எண்ணினேன். இருவரும் ஒருவரே என அறிந்தபோது வியந்தேன். இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் நண்பர் குழாத்தில் அவர் இருந்தார். அண்ணாமலை அரசர் தொடங்கிய தமிழிசை இயக்கத்துக்குத் தோள் கொடுத்தார். சில காலம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார்.

வித்துவான்கள் அவ்வுரையிற் குறை காணலாம். இலக்கண முடிபுகளைத் தேடுவோருக்கு அது போதாது. ஆனால் இந்திரவிழவூரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்து வணிகர் மறுகையும், கடலோடிகளின் இருப்பையும், குவிந்து கிடக்கும் பண்டங்களையும் இளங்கோவடிகள் காட்டும் பகுதியைச் செட்டியாரின் கண்ணோடு படித்தால் வேறொரு சுவை தோன்றும். சோழனின் புலி இலச்சினை பொறித்துப் பண்டங்களைப் புறம்விட்ட அதே பட்டினத்தைப் பட்டினப்பாலையும் பாடுகின்றது. தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைத் தீர்வை விதிப்பதிலும் எதிர்ப்பதிலும் கழித்த ஒருவர் அந்நகரைத் தெரிந்தெடுத்தது தற்செயல் என்று என்னாற் கொள்ள முடியவில்லை. மறுபக்கத்தைக் கேளாது தீர்ப்பளித்த பாண்டியன் வரும் மதுரைக் காண்டத்துக்கும் அவர் உரை கண்டிருப்பின் எவ்வாறு இருந்திருக்கும் என்று வகுப்பிற் சில வேளை நினைப்பதுண்டு.

சண்முகஞ் செட்டியார் 1953 மே மாதம் 5ஆம் நாள் தமது அறுபதாவது வயதிற் காலமானார்.